பிரசங்கத்தை எழுதி அனுப்பு

ஜனவரி 9

அன்பான சிட்டுக்கு,

ஆண்டவர் தயவுல நானும் உன் அண்ணியும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கீங்க? போன வருஷம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு உடம்பு முழுசாத் தேறிடுச்சா? மாத்திரையைப் பாதியில நிறுத்திடாதேன்னு அண்ணி சொல்லச் சொன்னா.

என்ன, அண்ணன் திடீர்னு கடுதாசி போட ஆரம்பிச்சுட்டாரேன்னு பாக்கிறியா? போன் சரியில்லம்மா. பேசினா பாதி வார்த்தை காத்துல போயிடுது. மெசேஜ் தட்டலாம்னா, தகடு பிடிச்சுப் பிடிச்சுத் தடிச்ச விரல், ஒரு எழுத்தைத் தொட்டா மூணு எழுத்து விழுது. ‘சாப்பிட்டீங்களா’ன்னு கேக்கப் போய் நான் என்னத்தையோ அனுப்பி, மாப்பிள்ளை பதறிப்போய்க் கூப்பிட்டாரே, மறந்துட்டியா? அதான், நீ ஹாஸ்டல்ல இருந்தப்போ எழுதின மாதிரி எழுதுவோம். காகிதத்துல எழுதினா ஒரு வார்த்தையும் தப்பாது.

ஷெட்ல எப்பவும் போல வேலை. தகடு வெட்டுற மெஷின் இன்னும் அந்தப் பழைய கிழவன்தான். அது ஓடும்போது பக்கத்துல இடி விழுந்தாலும் தெரியாது. சபை டயர் கடை மாடியிலயேதான் நடக்குது. படியேறும்போது ரப்பர் வாசனை, மேலே போனா ஆராதனை. இத்தனை வருஷமும் போல நான்தான் பாட்டு எடுத்துக் கொடுக்கிறேன்.

நீ ஞாயித்துக்கிழமை தவறாம சபைக்குப் போறியா? அதை மட்டும் மறைக்காம எழுது.

ஜெபத்தில் உன்னை நினைக்கும்
அண்ணன்


ஜனவரி 27

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்க நல்லா இருக்கோம். நீங்களும் அண்ணியும் சுகமா இருக்கணும்னு விரும்புறேன். உங்க கையெழுத்தைப் பாத்து ரொம்ப நாளாச்சு. கோழி கிளறின மாதிரி இருந்தது இப்போ இன்னும் முன்னேறியிருக்கு.

ஆஸ்பத்திரி சலவைப் பிரிவுல என்னை வேற பக்கம் மாத்தியிருக்காங்க. முன்னெல்லாம் எல்லா வார்டு துணியும் என்கிட்ட வரும். இப்போ ஆபரேஷன் தியேட்டர் விரிப்பு மட்டும்தான். குழந்தைங்க வார்டுத் துணியை வேற ஆள் பாக்குறாங்க. நான் கேக்கல, மேற்பார்வையாளர் அம்மா தாங்களாவே மாத்திட்டாங்க. சூடான உருளைக்குள்ள ஈர விரிப்பைக் கொடுத்தா, அந்தப் பக்கம் அப்பளம் மாதிரி மொடமொடன்னு வரும். நாள் முழுக்க அதுதான். மனசுக்கு நல்ல வேலை. ஒண்ணும் யோசிக்க வேண்டாம்.

சபைக்குப் போறேன்ணா. பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்துல ஒரு பெரிய சபை இருக்கு. நல்ல பிரசங்கம். எல்லாம் நல்லா இருக்கு.

அவர் ஏசி ரிப்பேர் வேலைக்கு வெளியூர் போயிருக்கார். அண்ணியைக் கேட்டதாச் சொல்லுங்க.

உங்க தங்கை


பிப்ரவரி 18

அன்பான சிட்டுக்கு,

கடிதம் கிடைச்சுது, சந்தோஷம். எனக்குக் கொஞ்சம் இருமல், மத்தபடி சுகம். அண்ணிக்கு முட்டிவலி வந்து வந்து போகுது. நீங்க எப்படி?

போன ஞாயிறு ஒரு கூத்து. போதகர் ஒரு பாட்டைச் சொல்றார், நான் எழுந்து கம்பீரமா வேறொரு பாட்டை எடுத்துட்டேன். அவர் சொன்னது சிலுவையைப் பத்தின துக்கப் பாட்டு. நான் எடுத்தது கை தட்டிப் பாடுற பாட்டு. ஜனங்க பாவம், பாதிப் பேர் அழறதுக்குத் தயாரா நின்னவங்க, தட்ட ஆரம்பிச்சுட்டாங்க. ஆராதனை முடிஞ்சு போதகரே சிரிச்சுட்டார். “ஞாபகம் எங்கே போச்சு?”ன்னு கேட்டார். ஆமா, வயசாகுதுன்னு சமாளிச்சேன்.

உங்க சபையில என்ன பாட்டு பாடுறாங்க? யார் எடுத்துக் கொடுக்கிறாங்க, ஆணா பெண்ணா? எனக்குத் தெரிஞ்ச பாட்டா இருந்தா முதல் வரியை எழுது. மனசுக்குள்ளயாவது பாடிக்கிறேன்.

அண்ணன்


மார்ச் 30

அண்ணனுக்கு,

நலம். பதில் எழுத நாளாயிடுச்சு, வேலை.

என்னண்ணா, பரீட்சை மாதிரி கேள்வி கேக்குறீங்க? என்னவோ பாட்டு பாடுறாங்க. எல்லா சபையிலயும் பாடுற பாட்டுதான்.

நான் ஒண்ணு கேக்குறேன், நீங்க பதில் சொல்லுங்க. போன வாரம் வீட்டுக்கு போன் பண்ணினேன். அண்ணி எடுத்தாங்க. போன் கண்ணாடி மாதிரித் தெளிவா இருந்துச்சு. “அண்ணன் இல்லையா?”ன்னு கேட்டேன். “வெளியே போயிருக்காரே”ன்னு சொன்னாங்க. அவங்க சொல்லி முடிக்கிறதுக்குள்ள பின்னாடி உங்க இருமல். அந்த இருமலை எனக்குத் தெரியாதா? அண்ணிக்குப் பொய் சொல்ல வராது, பாவம், உடனே அடுப்புல ஏதோ இருக்குன்னு வச்சுட்டாங்க.

என்கிட்டப் பேசப் பிடிக்கலன்னா நேராச் சொல்லிடுங்க. ஏன்னு எனக்குத் தெரியும்னும் வச்சுக்கலாம். அன்னைக்கு ஆஸ்பத்திரியில நான் போனை வச்ச விதம் உங்களுக்கு வலிச்சிருக்கும். அதுக்காக ஒரு வருஷமா இப்படியா?

உடம்பைப் பாத்துக்குங்க.

தங்கை


ஏப்ரல் 6

என் சிட்டுக்கு,

உன் கடிதத்தை ரெண்டு தடவை படிச்சேன். கோபமா? உன்மேலயா? நீ போனை எப்படி வச்சேன்னே எனக்குத் தெரியாதும்மா. லைன் போயிடுச்சுன்னுதான் இதுவரைக்கும் நினைச்சிட்டிருக்கேன்.

சொல்லிடுறேன். எனக்குக் காது கேக்கல. ஒரேயடியா போகல, கொஞ்சம் கொஞ்சமாத்தான் போச்சு. எப்போ ஆரம்பிச்சுதுன்னு எனக்கே தெரியாது. எல்லாரும் மெதுவாப் பேசுறாங்கன்னு ரொம்ப நாள் எரிச்சல்பட்டிருக்கேன். டாக்டர் பாத்துட்டு, மெஷின் சத்தத்துலயே நரம்பு கெட்டுப்போச்சு, திரும்ப வராதுன்னுட்டார். காதுல மாட்டுற கருவி கொடுத்தாங்க. மாட்டினா தட்டு உருள்ற சத்தம் கேக்குது, மனுஷன் பேச்சு கேக்கல. பாட்டு கேட்டா தகரத்தைக் கிழிக்கிற மாதிரி இருக்கு. எனக்கு, பாட்டு!

போன மாசம் திருவிருந்து வேளை. கண்ணை மூடிப் பாடிட்டிருக்கேன். எல்லாரும் முடிச்சுட்டாங்க. போதகர் ஜெபத்தை ஆரம்பிச்சுட்டார். நான் மட்டும் பாடிக்கிட்டே இருக்கேன். அதுவும் ராகம் எங்கேயோ, நான் எங்கேயோ. உன் அண்ணி முன்னால நடந்து வந்து என் கையைப் பிடிச்சா. கண்ணைத் திறந்தேன். யாரும் சிரிக்கல. சிரிச்சிருந்தாலும் தேவலாம். இரக்கப்பட்டுப் பாத்தாங்க.

அதுக்கப்புறம் நான் போகல. அண்ணி தனியாப் போயிட்டு வர்றா. நான் சமையல்கட்டுல உக்காந்து சுவரைப் பாக்கிறேன். முன்னெல்லாம் பாடும்போது ஆண்டவர் பக்கத்துல இருக்கார்னு தோணும். இப்போ அவர் இருக்காரான்னே தெரியல. கூப்பிடுறாரோ என்னவோ, எனக்குக் கேக்கணுமே.

ஒரு உதவி பண்ணு சிட்டு. நீ போற சபையில நல்ல பிரசங்கம்னு எழுதியிருந்தியே. வாராவாரம் பிரசங்கத்தை எழுதி அனுப்பு. முழுசா வேண்டாம், உனக்கு ஞாபகம் இருக்கிற வரைக்கும். காதால வாங்க முடியாததைக் கண்ணால வாங்கிக்கிறேன். உன்னை விட்டா இதை நான் யார்கிட்டக் கேப்பேன்?

அண்ணன்


மே 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்க கடிதத்தைப் படிச்சதிலிருந்து என் மனசு சரியில்ல. அதை அப்புறம் எழுதுறேன். இப்போ நீங்க கேட்டது.

சபைக் கட்டடம் பஸ் நிறுத்தத்திலிருந்து வலது பக்கம் திரும்பினா இருக்கு. பச்சைக் கதவு. உள்ளே போனதும் செருப்பு வைக்க மரப் பலகை அடிச்சிருக்காங்க. நான் கதவுக்குப் பக்கத்துலயே கடைசி நாற்காலியில உக்காந்தேன், பேனாவும் காகிதமுமா. பக்கத்துல இருந்த ஒரு வயசான அம்மா என்னைப் பாத்து, “பத்திரிகையிலிருந்து வர்றியாம்மா?”ன்னு கேட்டாங்க.

மைக் அரை மணி நேரம் கீச்சுகீச்சுன்னு கத்திச்சு. அந்த நேரத்துக்கு உங்க காது குடுத்து வச்சது. போதகருக்குச் சளி. ரெண்டு வாக்கியத்துக்கு ஒரு தும்மல். ‘கடைசியாக’ன்னு சொன்னாரு, எல்லாரும் பையை எடுத்தாங்க. அப்புறம் ‘கடைசியாக’ன்னு மறுபடியும் சொன்னாரு, பையைக் கீழே வச்சாங்க.

நான் எழுதி வச்சது இவ்வளவுதான். ஆண்டவர் நம்மளைப் பாக்க வர்ற விருந்தாளி இல்ல, வீட்டு ஆள்னார். விருந்தாளி வந்தா வீட்டைச் சுத்தம் பண்ணுவோம், நல்ல துணி உடுத்துவோம். வீட்டு ஆள் நம்ம அழுக்கோடயே நம்மளைப் பாத்தவர், அதனால போயிட மாட்டார்னார். அப்புறம் உண்மையா இருக்கிறதைப் பத்திச் சொன்னார். பெரிசா ஏதாவது செஞ்சு காட்டுறது இல்லையாம். விட்டுட்டுப் போனவங்க மறுபடியும் வந்து உக்காருறதும் அதுல சேர்த்தியாம். இந்த இடத்துல தும்மினார். மீதி எனக்கு விளங்கல.

பாட்டு எடுத்துக் கொடுத்தது ஒரு ஆள். உங்க அளவுக்கு இல்ல.

அடுத்த வாரமும் எழுதுறேன். அண்ணி முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லுங்க.

சிட்டு


ஜூன் 2

என் அருமைச் சிட்டுக்கு,

உன் மூணு கடிதமும் வந்துது. முதல் கடிதத்தை அண்ணியும் நானும் மாத்தி மாத்திப் படிச்சோம். தும்மலைக்கூட விடாம எழுதியிருக்கே. பச்சைக் கதவு, செருப்புப் பலகை எல்லாத்தையும் புது வீட்டுக்குக் குடி போனவங்க மாதிரி பாத்துப் பாத்து எழுதியிருக்கே. நான் ஒண்ணும் கேக்கல. போனியே, அது போதும்.

நானும் போனேன். வீட்டு ஆள்னு அந்தச் சளிப்பிடிச்ச மனுஷன் சொன்னது உள்ளே என்னவோ பண்ணிடுச்சு. வீட்டு ஆளைப் பாக்க எனக்கு எதுக்குக் குரல்? கடைசி வரிசையில போய் உக்காந்தேன். இப்போ பாட்டு எடுத்துக் கொடுக்கிறது தையல்கார அக்கா. உச்சியில ஆரம்பிச்சுடுறாங்களாம், ஆம்பளைங்க எல்லாம் ரெண்டாவது வரியிலயே மூச்சு வாங்குறாங்கன்னு அண்ணி சொன்னா.

சிட்டு, இத்தனை வருஷமும் நான் கண்ணை மூடிட்டேதான் பாடியிருக்கேன். ஜனங்களுக்கு முன்னால நின்னேனே தவிர, ஒரு நாளும் அவங்களைப் பாத்ததில்ல. இப்போ காதுக்கு வேலை இல்லாததால கண்ணு சும்மா இருக்க மாட்டேங்குது. லாரிக்காரர், ஆறடி ஆள், பாவ அறிக்கை சொல்றப்போ உதட்டைக் கடிச்சுக்கிட்டு நிக்கிறார். டைப்பிஸ்ட் அம்மா காணிக்கைப் பை வரும்போது கையை மூடியே போட்டு மூடியே எடுக்கிறாங்க. மருந்துக்கடைக்காரரோட சம்சாரம் எல்லாப் பாட்டுக்கும் புத்தகத்தை விரிச்சுப் பிடிச்சிருக்காங்க, ஆனா வாய் அசையவே இல்ல. ஒரு பாட்டுக்கும் அசையல.

அவங்க பக்கத்துல போய் நின்னேன். பாடத் தெரியாத ரெண்டு பேரா நின்னோம். ஆராதனை முடிஞ்சதும் என்னைப் பாத்து ஏதோ சொன்னாங்க. “எனக்குக் கேக்காதும்மா”ன்னேன். அப்புறம் உக்காந்து பேச ஆரம்பிச்சாங்க. எல்லாரும் படியிறங்கிப் போன பிறகும் பேசினாங்க, அழுதாங்க, மூக்கைத் துடைச்சுக்கிட்டு மறுபடியும் பேசினாங்க. எனக்கு ஒரு வார்த்தை கேக்கல. அதனாலதான் சொன்னாங்களோ என்னவோ. கடைசியில என் கையைப் பிடிச்சுக் குலுக்கிட்டுப் போனாங்க. படியிறங்கும்போது எனக்குத் தோணுச்சு, நான் பாடின காலத்தைவிட இன்னைக்குத்தான் ஆண்டவர் எனக்குப் பக்கத்துல நின்னார்.

நீ அப்புறம் எழுதுறேன்னியே, அதை எழுது.

அண்ணன்


ஜூலை 15

அண்ணா,

எல்லாரும் சுகம்தானே? இந்தக் கடிதத்தை நாலு தடவை எழுதிக் கிழிச்சுட்டேன். அவர்தான், “எழுதினபடியே போட்டுடு”ன்னு தபால்தலை வாங்கிட்டு வந்து கொடுத்தார்.

பாப்பா போனதைப் பத்தி நாம பேசினதே இல்ல. நீங்க எப்பவும் ‘ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு’ன்னுதான் கேப்பீங்க. நானும் நல்லா இருக்கேன்னுதான் சொல்லுவேன்.

அன்னைக்குச் சாயங்காலம் அவளைத் துணியில சுத்தி என் கையில கொஞ்ச நேரம் கொடுத்தாங்க. நல்ல முடிண்ணா. உங்களை மாதிரி அகலமான காது. மூச்சு மட்டும் இல்ல. வாங்கிட்டுப் போன பிறகு அவர் போனை என் காதுல வச்சார், அண்ணன் பேசுறாருன்னு. நீங்க பேசல. பாடினீங்க. ஆண்டவர் கைவிட மாட்டார்ங்கிற அந்தப் பாட்டு.

நான், “வேண்டாம்ணா”ன்னு சொன்னேன். நீங்க பாடினீங்க. “போதும், நிறுத்துங்க”ன்னு சொன்னேன். அழுது கத்தினேன், பக்கத்துக் கட்டில்காரங்க எழுந்து பாத்தாங்க. நீங்க ரெண்டாவது சரணத்துக்குப் போனீங்க. நான் போனைச் சுவர்ல அடிச்சேன்.

அன்னைக்கு ஒண்ணு முடிவு பண்ணினேன். எங்க அண்ணனுக்கே என் அழுகை காதுல விழலன்னா, மேலே இருக்கிறவருக்கு எங்கே விழப் போகுதுன்னு. அதுக்கப்புறம் எந்தச் சபைப் படியையும் நான் மிதிக்கல. உங்களுக்கு எழுதினது பொய். பிரசங்கத்தை எழுதி அனுப்புன்னு நீங்க கேக்கலன்னா, அந்தப் பச்சைக் கதவு எந்தப் பக்கம் திறக்கும்னுகூட எனக்குத் தெரிஞ்சிருக்காது.

உங்களுக்குக் காது கேக்கலங்கிற கடிதம் வந்த அன்னைக்குச் சலவை உருளைக்கு முன்னால நின்னு அழுதேன். விரிப்பு மடிஞ்சு மடிஞ்சு உள்ளே போய்ச் சிக்கிடுச்சு. அண்ணனுக்குக் கல் மனசுன்னு நினைச்சேனே, அவருக்குக் கேக்கலயேன்னு அழுதேன். அப்புறம் இன்னொண்ணும் தோணுச்சு. அண்ணன் விஷயத்துல நான் இவ்வளவு தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்னா, மேலே இருக்கிறவர் விஷயத்துலயும் தப்பாப் புரிஞ்சிருக்கலாமே?

இன்னும் தெரியல. ஆனா போறேன். இன்னும் கதவுக்குப் பக்கத்து நாற்காலிதான்.

சிட்டு


ஜூலை 21

சிட்டுக் கண்ணு,

என்னை மன்னிச்சிடு. காது கேக்கலங்கிறது உண்மை. ஆனா காது கேட்டிருந்தாலும் அன்னைக்கு நான் பாடியிருக்கக் கூடாதும்மா. உன்கிட்ட என்ன சொல்றதுன்னு தெரியாமத்தான் பாடினேன். உன் அழுகையைக் கேக்க எனக்குத் தைரியம் இல்ல. அன்னைக்கே வண்டி ஏறி வந்து உன் கட்டில் பக்கத்துல வாயை மூடிட்டு உக்காந்திருக்கணும்.

லீவு கேட்டுட்டேன். வெள்ளிக்கிழமை வர்றேன். ஸ்டேஷனுக்கு மாப்பிள்ளை வர வேண்டாம், விலாசத்தைக் காட்டி வந்துடுவேன். பிரசங்கம் வேண்டாம், பாட்டும் வேண்டாம். பாப்பா இருக்கிற இடத்துக்கு என்னைக் கூட்டிட்டுப் போ.

அண்ணன்


ஜூலை 30

அன்புள்ள அண்ணிக்கு,

முட்டிவலி எப்படி இருக்கு? அண்ணன் பத்திரமா வந்து சேர்ந்திருப்பார். உங்ககிட்டப் பாதியைத்தான் சொல்லியிருப்பார், மீதியை நான் சொல்லிடுறேன்.

சனிக்கிழமை நாங்க மூணு பேரும் போனோம். மயானத்துல சின்னப் பிள்ளைங்களுக்குன்னு சுவரோரமா ஒரு பக்கம் இருக்கு. சின்னச் சின்னச் சிமென்ட் பலகை, அதுல நம்பர் மட்டும்தான். நான் அடக்கம் பண்ணின அன்னைக்குக்கூடப் போகல அண்ணி. எங்க வீட்டுக்காரருக்குத்தான் இடம் தெரியும். காட்டிட்டு வாசல் பக்கம் போயிட்டார். தண்ணி எடுத்துட்டு வரேன்னார், அழறதுக்குத்தான் போனார்.

அண்ணன் கைக்குட்டையால பலகையைத் துடைச்சார். மண்ணெல்லாம் போன பிறகும் துடைச்சுட்டே இருந்தார். அப்புறம் ஈரத் தரையிலயே சம்மணம் போட்டு உக்காந்துட்டார். ஜெபம் பண்ணுவாரோ, பாட்டு எடுப்பாரோன்னு எனக்குப் பயம். ஒண்ணும் பண்ணல. பலகை மேல ஒரு கை, என் முதுகுல ஒரு கை. அவ்வளவுதான்.

எவ்வளவு நேரம்னு தெரியல, எனக்கு வாய் திறந்துச்சு. ஒன்றரை வருஷமாப் பேசாத ஆளோட பேசினேன். ஜெபம்னு சொல்ல முடியாது அண்ணி, சண்டைதான். ஏன் எடுத்தீங்கன்னு கேட்டேன். அவளுக்கு அங்கே யார் முடி சீவி விடுறாங்கன்னு கேட்டேன். நான் கத்தினப்போ எங்கே இருந்தீங்கன்னு கேட்டேன். பதில் ஒண்ணும் வரல. ஆனா தனியாப் பேசுற மாதிரியும் இல்ல. யாரோ குறுக்கே பேசாமக் கேட்டுட்டிருக்கிற மாதிரி இருந்துச்சு.

அண்ணன் என் உதடு அசையறதைப் பாத்துட்டுத் தோளைத் தட்டினார். “என்னம்மா சொன்ன? எனக்கு விளங்கல, மெதுவாச் சொல்லு”ன்னார்.

நான் அவர் பக்கம் திரும்பி, உதட்டை நல்லாத் திறந்து, “உங்ககிட்டப் பேசலண்ணா”ன்னு சொன்னேன்.

ஒரு நொடி முழிச்சார். அப்புறம் புரிஞ்சுடுச்சு. அந்த முகத்தை நீங்க பாத்திருக்கணும் அண்ணி. சிரிக்கிறாரா அழறாரான்னு தெரியல. “சரி சரி, நீ பேசு”ன்னு சொல்லி, ஏதோ ரெண்டு பேர் தனியாப் பேசுற இடத்துல குறுக்கே வந்துட்ட மாதிரி எழுந்து தள்ளிப் போகப் பாத்தார்.

நான் அவர் கையைப் பிடிச்சு இழுத்து, பக்கத்துலயே உக்கார வச்சேன். அப்புறம் விட்ட இடத்துலேருந்து பேசினேன்.

அன்புடன்
சிட்டு